மாடியில் காய்ந்த தூள்

11 நவம்பர், திங்கள்

தரணீஷைக் கோவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தாயிற்று. டெங்கு போய்விட்டது, இனி ஓய்வும் நல்ல சாப்பாடும் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் போனது உண்மைதான். கூடவே பையனிலும் பாதி போயிருக்கிறது. கடையைத் தாண்டி வீட்டுக்கு மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, நீ போம்மா, வரேன் என்றான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். லோடு இறக்க வந்தவர்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது போதும், மூட்டையை இறக்குங்கள் என்று சத்தம் போட்டேன்.

இது குன்னூர் ஏஜெண்ட் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. தேயிலை விலையையும் லாரி வந்த நேரத்தையும் தவிர இதில் நான் எதையும் எழுதியதில்லை. எந்த மாத்திரை எப்போது என்று குறித்துக்கொள்ள எடுத்தேன். எடுத்த கையோடு மற்றதும் வருகிறது.

13 நவம்பர், புதன்

விடிந்ததிலிருந்து "ம்மா, டீ", "ம்மா, டீ" என்று மேலிருந்து ஒரே குரல். தேயிலை வியாபாரி வீட்டுப் பையன் டீ கேட்கிறான் என்றால் தேறி வருகிறான் என்று அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இவன் அப்பா தவறியபோது சைக்கிளில் டீத்தூள் பொட்டலம் கட்டி விற்க ஆரம்பித்தவள் நான். இன்றைக்கு மேட்டுப்பாளையத்தைச் சுற்றி 'குணா டீ' போகாத பேக்கரி குறைவு. தலைவலியா, சண்டையா, சாவா, பரீட்சையா, எதுவானாலும் இந்த வீட்டில் முதலில் டீ. பிறகுதான் மற்றது.

ஆனால் என் முழங்கால்தான் பாவம். கடையை அப்படியே விட்டுவிட்டு ஏறுகிறேன், அடுப்படியில் டீ போட்டு எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போகிறேன். கொடுத்துவிட்டு உடனே திரும்ப முடிவதில்லை. டம்ளரைக் கையோடு வாங்கி வராவிட்டால் எறும்பு மொய்த்துவிடும். அதனால் கட்டில் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். அவன் குடிக்கிற வேகத்துக்கு ஒரு லோடே இறக்கிவிடலாம். சும்மா உட்காராமல் கடைக் கதையைச் சொல்கிறேன். பக்கத்து மண்டிக்காரன் பூண்டு லாரியை மறுபடியும் நம் குடோன் சன்னல் ஓரம் நிறுத்திவிட்டான், டீத்தூள் பூண்டு வாசத்தை எப்படி இழுக்கும் என்று அந்த மனுஷனுக்குப் புரிய வைக்கவே முடியவில்லை என்றேன். பூண்டு டீ என்று புதுசாகப் போட்டு விற்றுவிடு என்றான். வந்ததிலிருந்து இன்றுதான் சிரித்தான்.

14 நவம்பர், வியாழன்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் தொட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டான். முகம் வேர்த்திருந்தது. நெஞ்சு பிய்த்துக்கொண்டு அடிக்கிறது என்றான். செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று, பஸ் போய்விடும் என்று சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்.

நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். பாக்கெட் சீல் போடும் மெஷினை வேகத்தில் வைத்தது மாதிரி இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிப்பதற்குள் அடங்கிவிட்டது. நம் சரக்கு.

16 நவம்பர், சனி

காரமடை ரோட்டு டாக்டரம்மாவிடம் போனோம். ஈசிஜி எடுத்தார், ரத்தம் பார்த்தார். இதயத்தில் ஒன்றுமில்லை. டெங்குவிலிருந்து எழுந்த பிள்ளைகள் சிலரை இப்படிப் பார்க்கிறாராம். உடம்பு அசந்து கிடந்த நாட்களில் உள்ளே புகுந்த பயம், காய்ச்சல் போன பிறகும் போகாமல் உட்கார்ந்துகொள்கிறது, நேரம் எடுக்கும் என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். வாரம் ஒரு முறை வந்து தன்னிடம் பேசச் சொன்னார்.

பிறகு, டீ எத்தனை குடிக்கிறாய் என்று கேட்டார். இவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"பயம் இருக்கிற நெஞ்சுக்குத் திரும்பத் திரும்ப டீய ஊத்தினா அது இன்னும் துடிக்கத்தாங்க செய்யும். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாம்" என்றவர், நீங்க என்ன பண்றீங்கம்மா என்றும் கேட்டார். டீத்தூள் யாவாரமுங்க என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கடையில் எவனாவது என் சரக்கில் குறை சொன்னால் பதில் சொல்லத் தெரியும். இதற்கு என்ன சொல்வது?

17 நவம்பர், ஞாயிறு

டீக்குப் பதில் ராகிக் கஞ்சி கொண்டுபோனேன். அவன் தொடாமல் ஆடை கட்டிப் போயிற்று. சுக்கு மல்லிக் காப்பி போட்டேன். மோந்து பார்த்து வைத்துவிட்டான். பால் கொடுத்தேன். நான் என்ன கன்றுக்குட்டியா என்றான். டம்ளர்களையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு நானும் கீழே வந்துவிட்டேன், கோபத்தில்.

மத்தியானம் மறுபடியும் படபடப்பு. "ம்மா, ஒரே ஒரு டீ." போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வேன்.

18 நவம்பர், திங்கள்

ஒரு யோசனை வந்திருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

டீத்தூளில் முதல் கொதியிலேயே காரமெல்லாம் இறங்கிவிடும். அதை வடித்துக் கொட்டிவிட்டால் மிச்சம் சக்கை. அந்தச் சக்கையைக் காயவைத்து, சாயம் ஏற்றி, நல்ல தூளோடு கலந்து விற்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நான் போட்ட சண்டையெல்லாம் இந்த ஊருக்குத் தெரியும். ஒரு சிட்டிகை சக்கைகூட என் குடோன் வாசலைத் தாண்டியதில்லை.

இப்போது நானே அதைச் செய்யப்போகிறேன். சாயம் கிடையாது. விற்கவும் போவதில்லை. தூளைக் கொதிக்கவைத்து வடித்துவிட்டு, மொட்டை மாடியில் காயவைத்து, வாணலியில் லேசாகச் சூடு காட்டி, வாசத்துக்கு ஒரு பிடி நல்ல தூள் கலந்து அடுப்படி டப்பாவில் போட்டுவிட்டால், அவன் எத்தனை முறை கேட்டாலும் பயமில்லாமல் கொடுக்கலாம். சக்கையை ஈரமாகவே கொதிக்கவைத்தால் என்ன என்றும் யோசித்தேன். நான் கடையில் இருக்கும்போது அவனே எழுந்துபோய்ப் போட்டுக்கொள்வான். டப்பாவில் உலர்ந்த தூளாக இருந்தால்தான் சந்தேகம் வராது.

கீழே செய்தால் பாக்கெட் போடும் பெண்கள் பார்ப்பார்கள். மொட்டை மாடிதான் சரி. அங்கே யார் வரப்போகிறார்கள்.

20 நவம்பர், புதன்

வெள்ளை வேட்டி விரித்துக் காயவைத்தது நன்றாகவே காய்ந்தது. நடுவில் தூறல் போட்டபோது கடையிலிருந்து ஓடினேன். கல்லாவில் நின்றிருந்த ஆள் திகைத்துப்போனார்.

புது டப்பாத் தூளில் முதல் டீ. பாலைக் கொஞ்சம் குறைத்தேன், நிறம் சரியாக வந்துவிட்டது. வாசமும் பரவாயில்லை. அவன் டம்ளரைப் பார்த்தான். ஒரு வாய் உறிஞ்சி வாயிலேயே வைத்திருந்தான். சின்ன வயதில் காலையில் நான் வந்த சரக்கின் மாதிரியை ருசி பார்க்கும்போது பக்கத்தில் நின்று அவனும் உறிஞ்சித் துப்புவான், அதே பழக்கம். பிறகு விழுங்கினான். என்னைப் பார்த்தான்.

எப்படி இருக்கிறது என்றேன். நல்லா இருக்கும்மா என்றான்.

இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவளுக்கு ஒரு பையனை ஏமாற்றுவதா கஷ்டம்.

22 நவம்பர், வெள்ளி

மழை. வேட்டியோடு சுருட்டி உள்ளே போட்டேன். ஹாலெல்லாம் டீத்தூள், கூட்டி மாளவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

கோவை காலேஜ் ஹாஸ்டலில் இவனோடு ஒரே அறையில் இருக்கும் ஜெபின் வந்திருந்தான். மார்த்தாண்டத்துப் பையன். அவனுக்கும் அதே வாரம்தான் டெங்கு வந்தது. ஆள் பாதியாகியிருந்தாலும் வாய் மட்டும் குறையவில்லை. ஹாஸ்டலில் காய்ச்சல் வந்து எழுந்த பையன்களெல்லாம் கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையிலேயே குடியிருக்கிறார்களாம். அறைக்குப் போய்த் தனியாகப் படுத்தால் எல்லாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம். அதனால் எவனும் எழுந்து போவதில்லையாம். ஒருத்தன் காசு கொடுத்து எழுந்தால் இன்னொருத்தன் அடுத்த டீ சொல்லிவிடுவானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கேட்க எனக்கு என்னவோ போலிருந்தது.

ஜெபினுக்குக் கடைத் தூளில் நல்ல டீ. இவனுக்கு டப்பா டீ. பேச்சு மும்முரத்தில் ஜெபின் டம்ளரை மாற்றி எடுத்துவிட்டான். ஒரு வாய் குடித்ததும் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது.

"எதுடே இது, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

"எனக்கு இப்ப லைட்டாத்தாண்டா புடிக்குது" என்று தரணீஷ் டம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டான்.

நல்லவேளை. தப்பித்தேன்.

செமஸ்டர் பரீட்சை டிசம்பர் ஒன்பதாம் தேதி ஆரம்பம் என்று ஜெபின் நினைவுபடுத்திவிட்டுப் போனான். அவன் போன பிறகு இவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். இந்தத் தடவை எழுதலை என்றான். பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது படபடப்பு வந்துவிட்டால் எழுந்து ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது என்றான். இப்போது எழுதாவிட்டால் அடுத்ததும் தள்ளிப்போகும், பிறகு போகவே பிடிக்காது. எனக்குத் தெரியும். வீட்டுக்குள் உட்கார்ந்து பழகிவிட்டால் வாசப்படி தினமும் ஒரு அங்குலம் உயரும். அவன் அப்பா தவறிய வருஷம் என்னிடமே அதைப் பார்த்தேன்.

அவன் வந்த நாளிலிருந்து, டாக்டரிடம் போனதைத் தவிர, படியிறங்கிக் கடைக்குக்கூட வரவில்லை.

27 நவம்பர், புதன்

குன்னூருக்குப் போய் இரண்டு ஃபேக்டரிகளில் சரக்குப் பார்த்தேன். மழைக்காலத் தூளில் நிறம் இல்லை, விலை மட்டும் இருக்கிறது. மலைப்பாதையில் மரம் விழுந்து, வீடு திரும்புவதற்குள் இருட்டிவிட்டது.

வந்து பார்த்தால் மேல்படியில் உட்கார்ந்திருக்கிறான். என்ன கண்ணு இங்கே என்றேன். சும்மாதான் என்றான். அடுப்படியில் டப்பா வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பாக்கெட் போடும் துளசிமணியிடம் கேட்டேன். காலையிலிருந்து ஒரு டீகூடக் குடிக்கலீங்கக்கா, நான் போட்டுத் தரட்டுமான்னு கேட்டதுக்கும் வேண்டாமுன்னுட்டான் என்றாள். பரவாயில்லை, டீ ஆசை தானாகவே குறைந்து வருகிறது.

செருப்பைக் கழற்றுவதற்குள் "ம்மா, டீ" என்றான்.

29 நவம்பர், வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது.

பஸ் ஸ்டாண்ட் பேக்கரி செல்லமுத்து அண்ணன் ஃபோன் செய்தார். என் பழைய வாடிக்கை. பேக்கரிக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்திருக்கிறது, பார்த்தாயா அம்மிணி என்றார். அனுப்பிவைத்தார். பக்கத்து லாட்ஜின் மூன்றாவது மாடியிலிருந்து எடுத்தது. என் மொட்டை மாடி. வெள்ளை வேட்டி. அதில் கருப்பாகச் சக்கை. குனிந்து கிளறிக்கொண்டிருக்கும் பொம்பளை நான். கீழே, 'குணா டீ தயாராகிறது' என்று எழுதியிருந்தார்கள்.

லாட்ஜில் தங்கியிருக்கும் டீ மாஸ்டர் எவனோ எடுத்திருக்கிறான். டீ மாஸ்டருக்குச் சக்கையைத் தூரத்திலிருந்தே தெரியும். அவனைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

என்னம்மிணி இது என்று செல்லமுத்து அண்ணன் கேட்டார். லோடு வந்திருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்றேன். அவர் வைத்துவிட்டார்.

1 டிசம்பர், ஞாயிறு

நேற்றும் இன்றும் ஆர்டர் எடுக்கப் போன பையன்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சிறுமுகையில் பாக்கெட்டைத் திருப்பியே கொடுத்துவிட்டார்களாம். ஒருத்தர், உங்க முதலாளியம்மா மாடியில இன்னிக்கு என்ன காயுது என்று கேட்டாராம்.

துளசிமணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேட்டியைத் துவைக்கப் போட்டபோதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பையனுக்காகத்தானுன்னு சொல்லிப்போடுங்கக்கா, ஒரு வார்த்தை, முடிஞ்சுது என்றாள்.

சொல்லலாம். என்னவென்று சொல்வது? என் பையன் பயத்தில் வீட்டைவிட்டு இறங்குவதில்லை, ஏமாற்றித்தான் டீ கொடுக்கிறேன் என்றா? இந்த ஊரில் நெஞ்சு படபடப்பு என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் அது பைத்தியம் என்று ஆகிவிடும். நாளைக்கு இவன் தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வாசப்படி இறங்கவே பயப்படுகிறவன் அதற்கப்புறம் எங்கே இறங்குவான். சரக்கின் பெயர் கெட்டால் வேறு பெயர் வைத்து மறுபடியும் சைக்கிளில் ஆரம்பிக்கலாம். பையனுக்கு வேறு பெயர் வைக்க முடியுமா.

வாயை மூடிக்கொண்டிரு என்று துளசிமணியிடம் சொல்லிவிட்டேன். அக்கா நீங்க கிறுக்குங்க என்றாள். சம்பளம் வாங்குகிறவள் பேசுகிற பேச்சா இது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

3 டிசம்பர், செவ்வாய்

கீழே மெஷின் சத்தமே இல்லையே என்று தரணீஷ் கேட்டான். பெல்ட் அறுந்துவிட்டது என்றேன். நாலு நாளாகவா என்றான். ஆள் வரவில்லை என்றேன். சரி என்றான். டீயைக் குடித்தான். கடைக் கதை சொல்லு என்றான். சொல்ல எனக்குக் கதை வரவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

5 டிசம்பர், வியாழன்

பதினோரு மணி சுமாருக்குச் செல்லமுத்து அண்ணனும் சங்கத்துக்காரர் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. பார்க்க வந்திருக்கிறோம், தப்பா நினைக்காதே அம்மிணி என்றார். பாருங்கள் என்று குடோனைத் திறந்துவிட்டேன்.

அவர்களும் தொழில் தெரிந்தவர்கள். அவர்கள் சொன்ன மூட்டையைப் பிரித்தேன். நனைத்த வெள்ளைத் தாளில் தூளைத் தூவிப் பார்த்தார்கள், சாயம் வழிகிறதா என்று. வழியவில்லை. கொதிக்கிற தண்ணீரைக் கிண்ணங்களில் ஊற்றி வடித்தார்கள். வரிசையாக ஒரே செம்பு நிறம். செல்லமுத்து அண்ணன் உறிஞ்சிப் பார்த்துத் தலையாட்டினார். கூட வந்தவர்களில் இளையவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, இன்னைக்கு நாங்க வருவமுன்னு தெரிஞ்சு சுத்தமா வெச்சிருப்பீங்க, மாடியில காஞ்சது எங்க போச்சு, அதச் சொல்லுங்க என்றார்.

நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். துளசிமணியும் பார்த்தாள். நான் கிண்ணங்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன்.

அப்போது படியில் சத்தம் கேட்டது.

மேலே இருந்தே பேச்செல்லாம் கேட்டிருப்பான், தரணீஷ் இறங்கி வந்தான். ஒரு கையில் அடுப்படி டப்பா. இன்னொரு கை சுவரைப் பிடித்திருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினான், டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி, மெதுவாக. நான் அவனிடம் போகப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்தான். டப்பாவைக் கொண்டுவந்து செல்லமுத்து அண்ணன் முன்னால் வைத்தான்.

"மாடில காஞ்சது இதுதானுங் மாமா. இது எனக்குங்க."

கண்ணு, நீ மேலே போ என்றேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"காச்சல் வந்து போனதுல இருந்து நெஞ்சு அடிச்சுக்குதுங் மாமா. செத்துருவனோன்னு பயமா இருக்குது. ரூமுல தனியா இருக்க முடியறதில்ல. டாக்டரு டீயக் கொறைக்கச் சொன்னாங்க, நான் கேக்கல. அதனால எங்கம்மா தூளக் கொதிக்கவெச்சு வடிச்சு, சக்கையக் காயவெச்சு எனக்கு மட்டும் போட்டுக் குடுத்துச்சு. அது ஏமாத்துனது என்னைய மட்டுந்தானுங். அதும் நான் ஏமாறலீங்க, மொத வாய்லயே தெரிஞ்சுபோச்சு."

டப்பா மேலிருந்த அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். கையை மறைக்கவில்லை.

இளையவர் கட்டியிருந்த கையை இறக்கினார். செல்லமுத்து அண்ணன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார், மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அம்மிணி, இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லோ?"

"என்ர பையன் சமாச்சாரத்த நான் ஏனுங்ணா கடைல வெச்சுப் பேசோணும்?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அடுக்கிய கிண்ணங்களை மறுபடியும் பிரித்து அடுக்கினேன்.

செல்லமுத்து அண்ணன் பிறகு செய்ததை மறக்க மாட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்ற இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். இவனையும் பக்கத்து மூட்டை மேல் உட்கார வைத்தார். பிறகு பேக்கரி வியாபாரம், மழை, பால் விலை என்று ஊர்க் கதையெல்லாம் பேசினார். இவனிடம் எதுவும் கேட்கவில்லை. இவன் கை நிற்கும்வரை எழுந்திருக்கவும் இல்லை. கிளம்பும்போது மட்டும் இவன் தோளைத் தட்டி, அந்த குரூப்புல நானே எழுதறேன், உன்ர பேரு வராது என்றார். வந்தாலும் பரவால்லீங் மாமா என்றான் இவன்.

அவர்கள் போன பிறகு இவனைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. மேலே போகலாமா கண்ணு என்றேன்.

"இப்பவும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்குதும்மா. ஆனா நின்னுட்டுத்தான பேசினேன்?"

ஆமாம் என்றேன். அவன் மேலே போகவில்லை. சாயங்காலம் வரை கடையிலேயே இருந்தான். மெஷின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது அறுந்துபோகவே இல்லையேம்மா என்றான்.

6 டிசம்பர், வெள்ளி

சிறுமுகைக்காரர் பாக்கெட்டைத் திரும்ப அனுப்பச் சொல்லி ஃபோன் செய்தார். மற்றவர்களும் வருவார்கள், கொஞ்சம் நாளாகும். வரட்டும்.

தரணீஷ் டாக்டரம்மாவிடம் துளசிமணியோடு பஸ்ஸில் போய் வந்தான். நான் கூட வரவேண்டாம் என்றான். பரீட்சை எழுதப் போகிறானாம். கதவுப் பக்கம் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், முடியாவிட்டால் எழுந்து வெளியே வந்துவிடு, அதற்காகச் சங்கடப்படாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜெபினோடு ஃபோனில் பேசினான். இவன் வந்தால்தான் நானும் எழுதுவேன் என்று அவன் அடம்பிடித்துக்கொண்டிருந்தானாம்.

மத்தியானம் கேட்டேன், "மொத நாளே தெரிஞ்சுதுன்னா அப்புறம் எதுக்குடா அதையே கேட்டுக் கேட்டுக் குடிச்சே?"

அவன் சிரித்தான். பூண்டு லாரியை எடுத்துவிட்டானா அந்த ஆள் என்று கேட்டான். பதில் சொல்லாமல் நழுவப் பார்க்கிறான். போகட்டும்.

8 டிசம்பர், ஞாயிறு

காலை பஸ்ஸில் அனுப்பிவிட்டு வந்தேன். கோவையில் ஜெபின் காத்திருந்து அழைத்துப் போய்விட்டான், ஃபோன் வந்தது. பஸ்ஸில் ஒரு முறை படபடப்பு வந்ததாம், சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம், போய்விட்டதாம். ஒரு நாளைக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுக் கடைத் தூளில் ஒரு பாக்கெட் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நல்ல சரக்கு.

அவன் அறையைக் கூட்டிப் பெருக்கினேன். போர்வையைத் துவைக்கப் போட்டேன். அடுப்படிக்கு வந்தால் அந்த டப்பா. கால் டப்பா மிச்சம் இருந்தது. எறிய மனது வரவில்லை, வியாபாரி புத்தி. ஒரு டம்ளர் போட்டேன்.

காலையில் கடை திறந்ததும் வந்த சரக்கையெல்லாம் உறிஞ்சித் துப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறவள் நான். இதை ஒரு நாளும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நிறம் பார்த்தேன், வாசம் பார்த்தேன், கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தேன். நனைந்த சாக்கு வாசம். நாக்கில் ஒன்றுமே ஒட்டவில்லை. சர்க்கரை தனியாக, பால் தனியாக, சுடுதண்ணீர் தனியாக நிற்கிறது. ஜெபின் சொன்னது சரிதான். எந்த டீக்கடையிலாவது இதைக் கொடுத்திருந்தால் மூஞ்சியில் ஊற்றியிருப்பேன்.

இதைத்தான் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தான். நான் குன்னூர் போன அன்றைக்கு மட்டும் தொடவே இல்லை. அடுப்படி பத்தடி தூரத்தில் இருந்தது, நான்தான் இல்லை.

டம்ளரை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி கட்டிலைப் பார்த்தபடியே கிடந்தது. உட்கார்ந்தேன். கீழே லாரி வந்து நின்றது. அக்கா, லோடு வந்திருக்குதுங், எறக்கறதுக்கு ஆளுக நிக்கறாங்க என்று துளசிமணி படியில் நின்று கூப்பிட்டாள்.

நிக்கட்டும், டீ குடிச்சுட்டு வரேன் என்றேன்.

கடை ஆரம்பித்த நாளிலிருந்து நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் இறங்கிப் போனாள். மெதுவாகத்தான் குடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும்.